நீமா ஜோசப் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்

நீமா ஜோசப் எங்கள் அலுவலகப் படியேறி வந்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

பேனா விழுந்துவிட்டது என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. சற்று முன்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தேன். கீழே லாரி உதிரிபாகக் கடை வாசலில் உயரமான கறுப்புப் பெண் ஒருத்தி நின்று எங்கள் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கையில் எங்கள் பத்திரிகை. அதை அவள் சுருட்டிப் பிடித்திருந்த விதம் வாசகர்கள் பிடிக்கிற விதமாகத் தெரியவில்லை. ஈ அடிக்கிறவர்கள் அப்படிப் பிடிப்பார்கள்.

என் கல்யாணப் பந்தியில் சோறு தீர்ந்துபோன கதையை இந்தத் தொடரில் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். அது எங்கேயும் ஓடிவிடாது, சோறும் இனி வரப்போவதில்லை. இந்த வாரம் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

"ஆருங்க இங்க ரிப்போட்டரு?" என்று மேலே குரல் கேட்டது.

"ஆரும் இல்லீங்க. நான் கரண்ட்டு வேலைக்கு வந்தவன்" என்றேன் மேசைக்கு அடியிலிருந்து.

"கரண்ட்டு ஒயரு அந்தச் செவுத்துல போவுதுங்க" என்றாள்.

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தேன். நாமக்கல் பேச்சு பேசும் ஆப்பிரிக்கப் பெண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை. அவளும் ஒட்டடையோடு ஒரு நிருபரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனால் சிரிக்கவில்லை. பத்திரிகையை மேசைமேல் விரித்து ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்தாள்.

'பதுங்கியிருந்த.'

"பதுங்கறதுன்னா என்னங்கண்ணா? ஊட்டுக்கார அக்காகிட்டக் கேட்டேனுங்க. எலியப் புடிக்கறதுக்குப் பூனை பண்ணுமே, அதுன்னாங்க. நான் துணி காயப் போட்டுட்டு இருந்தேனுங்க. மொட்ட மாடில. வெயில்ல. ரோட்ல போற அத்தன பேருக்கும் தெரியற மாதிரி."

செய்தியோடு வந்திருந்த படத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். காவல் நிலைய பெஞ்சில் அவளும் இன்னும் சில மாணவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் துப்பட்டா நுனியில் நீல நிறத் துணிக் கிளிப் ஒன்று மாட்டியிருக்கிறது. படம் எடுத்தவர் பார்த்திருப்பார். பக்கம் வடிவமைத்தவர் பார்த்திருப்பார். எட்டுப் பத்தி அகலத்தில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியவர்களும் பார்த்திருப்பார்கள். பதுங்குகிற ஒருத்தி எதற்குத் துணிக் கிளிப்போடு பதுங்குகிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இதை நான் எழுதலம்மா" என்றேன். உண்மைதான். அன்றைக்கு நான் ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன்.

"உங்க பேப்பருதானுங்களே?"

"ஆமா."

"அப்பறம்?"

அந்த 'அப்பறம்' அங்கேயே மேசைமேல் கிடந்தது. நான் மின்விசிறியைப் போட்டேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முட்டைகள் உயிர் தப்பின

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாவட்ட நிருபர்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. போலீசிடமிருந்து செய்திக் குறிப்பு வந்தால் ஒருவர் தட்டச்சு செய்து குழுவில் போடுவார். மற்றவர்கள் அதை அப்படியே எடுத்து அவரவர் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இதற்குப் பெயர் காமன் காப்பி. மனசாட்சி உள்ளவர்கள் 'தெரிவித்தனர்' என்று இருப்பதைக் 'கூறினர்' என்று மாற்றுவார்கள்.

எங்கள் குழுவில் தட்டச்சுத் திலகம் தங்கராசு. நல்ல மனிதர், வேகமான விரல். ஒருமுறை புதுச்சத்திரம் பக்கம் முட்டை லாரி ஒன்று கவிழ்ந்தது. ஓட்டுநரும் கிளீனரும் பிழைத்தார்கள், முட்டைகள் நொறுங்கின. தங்கராசு அதைச் சுருக்கிய அவசரத்தில், 'லாரியில் இருந்த முட்டைகள் காயமின்றி உயிர் தப்பின' என்று வந்துவிட்டது. மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் முட்டைகள் உயிர் தப்பின. ஒரு பத்திரிகை மட்டும் 'அதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லைச் சேர்த்திருந்தது.

சிரித்தாயிற்றா? அதே விரல், அதே அவசரம்தான் நீமாவையும் எழுதியது.

'விசா முடிந்தும் பதுங்கியிருந்த ஆப்பிரிக்கப் பெண் உள்படச் சிலர் சிக்கினர். போதைக் கும்பலுடன் தொடர்பா?' கடைசியில் இருந்த கேள்விக்குறியைக் கவனியுங்கள். கேள்விக்குறி ஒன்றைத் தொங்கவிட்டால் யாரைப் பற்றியும் எதையும் எழுதலாம் என்பது எங்கள் தொழில் உலகத்துக்கு அளித்த கொடை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் திருடரா? நான் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். நீமா தான்சானியாவிலிருந்து வந்து நெடுஞ்சாலையோரத் தனியார் கல்லூரி ஒன்றில் மருந்தியல் படித்தாள். கடைசி ஆண்டு. விசாவை நீட்டிக்க வேண்டுமென்றால் 'இவள் எங்கள் மாணவி' என்று கல்லூரி இணையத்தில் சான்று ஏற்ற வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கல்லூரி புது ஆள் போடவில்லை. இவள் போய்ப் போய்க் கேட்டாள். நாளைக்கு என்றார்கள். அந்த நாளைக்கு வருவதற்குள் விசா முடிந்தது, போலீஸ் வந்தது, படம் வந்தது. பையெல்லாம் கொட்டித் தேடியும் ஒரு தூசு கிடைக்கவில்லை. அது செய்தியாக வரவில்லை. கிடைக்காதது எப்படிச் செய்தியாகும்?

நாட்டைவிட்டு வெளியேறு என்று அவள் கையில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். தேர்வு அடுத்த மாதம். போனால் படிப்பு போயிற்று. அவள் ஊர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு மருந்துக்கடை கிடையாதாம். அங்கே ஒன்று வைக்க வேண்டும் என்று கிளம்பி வந்தவள்.

"பரிச்ச எழுதிட்டுப் போயிர்றேனுங்க. இங்கயே இருக்கோணும்னு எனக்கு ஆசை இல்லீங்கண்ணா. உங்க ஊர்ல வெயிலு சாஸ்தி" என்றாள்.

ரசஞ்சோறு

நீமா குடியிருந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் செல்லம்மாள். கணவர் ரிக் வண்டியில் போர் போடுகிறவர். எங்கள் பக்கத்து ரிக்குகள் போகாத தேசம் கிடையாது. அவர் அப்போது தான்சானியாவில்தான் தண்ணீர் தோண்டிக்கொண்டிருந்தார். நாம் அங்கே ஆள் அனுப்புகிறோம், அவர்கள் இங்கே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இதில் ஒரு பக்கத்துக்குப் பெயர் தொழில், இன்னொரு பக்கத்துக்குப் பெயர் கும்பல்.

காற்றில் கோழிப்பண்ணை வாசம். மாடிக் கொடியில் துணி ஒன்றுகூட இல்லை. நீமா இப்போதெல்லாம் துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறாளாம். இப்போதுதான் அவள் உண்மையிலேயே பதுங்கினாள். எங்கள் செய்தி, வெளியான பிறகு உண்மையாகியிருந்தது.

செல்லம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஏனுங்க, பேப்பர்க்காரரே, படிச்சிட்டுத்தான் எழுதுவீங்களா, எழுதிப்போட்டுப் படிப்பீங்களா?"

"அது வந்துங்க…"

"இந்தப் புள்ளைக்குப் பால் ஊத்தறவன் நின்னுட்டான். ஷேர் ஆட்டோக்காரன் இவளப் பாத்தா வண்டிய ஒடிச்சுட்டுப் போறான். போலீசு வந்து, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஊடு உட்டீங்கன்னா உங்க மேலயும் கேசுன்னு வாயில சொல்லிப்போட்டுப் போறாங்க. எழுத்துல குடுங்க சாமின்னேன். எழுத்துல தரமாட்டாங்களாமா."

மற்ற வீட்டுக்காரர்கள் பயந்து, குடிவைத்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார்கள். செல்லம்மாள் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு அங்க இருக்காருல்ல. அங்கயும் உங்களாட்டம் ஒரு புண்ணியவான் எழுதுனான், இந்தியாக்காரன் வந்து மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியெல்லாம் உறிஞ்சறான்னு. இவிய கேம்ப்ப உட்டு வெளிய வரல. பின்னால வேற பேப்பர்ல இருந்து ஒரு பொண்ணு கேம்ப்புக்கே வந்துச்சாமா. இவியகூட உக்காந்து ரசஞ்சோறு தின்னுட்டு, ரிக்கு ஓடறதப் பாத்துட்டுப் போயி எழுதுச்சாமா. அப்பறந்தான் ஊரு அடங்குச்சு." ஒரு மூச்சு விட்டார். "நீங்க எங்கூட்ல என்னத்தத் தின்னுபோட்டு எழுதுனீங்க?"

அதற்குப் பிறகு தட்டு வந்தது. ரசஞ்சோறுதான். நீமா எதிரில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். மிளகு தூக்கலான ரசம். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

நீங்கள்தானே எழுதினீர்கள்

அடுத்து வெளிநாட்டவர் பதிவுப் பிரிவு அதிகாரியைப் பார்க்கப் போனேன். போலீஸ் அலுவலகத்துக்குள் நுழையும்போது நான் எப்போதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவேன். குற்றம் ஒன்றும் செய்யாதவனுக்குத்தான் இந்த நோய் அதிகம். செய்தவர்கள் நேராக உள்ளே போய்க் காபி குடிப்பார்கள்.

"கல்லூரி செஞ்ச தப்புக்கு அந்தப் பொண்ணை எதுக்கு சார் அனுப்பணும்?"

"என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே எழுதியிருக்கீங்க. எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கு. நடவடிக்கை எடுக்கலேன்னா மேல என்ன கேப்பாங்க?"

"அது நீங்க குடுத்த குறிப்புதானுங்களே சார்?"

"நாங்க விசாரணைன்னு சொன்னோம். கும்பல்னு போட்டது யாரு?"

இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அவர்கள் குறிப்புக் கொடுப்பார்கள். நாங்கள் வாசிக்காமல் அச்சடிப்போம். அச்சடித்ததை அவர்கள் வெட்டிக் கோப்பில் ஒட்டி, 'பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளின் அடிப்படையில்' என்று உத்தரவு எழுதுவார்கள். அந்த உத்தரவை நாங்கள் மறுபடி அச்சடிப்போம். நடுவில் ஒரு பெண் துணி காயப் போட்டாள் என்பது எந்தப் பல்சக்கரத்திலும் சிக்காது.

கல்லூரிக்கு நோட்டீஸ் உண்டா என்று கேட்டேன். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். எதிர்ச்சாலையில் அந்தக் கல்லூரியின் பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒரு வெளிநாட்டு மாணவன் பட்டமளிப்புத் தொப்பியோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன்.

எருமை மேய்க்கப் போகிறேன்

எழுதினேன். துணிக் கிளிப், கல்லூரியின் நாளைக்கு, வாய்மொழி மிரட்டல், ரசஞ்சோறு எல்லாம் வந்தன. முதல் வரியில் அவள் பெயர்.

சேலத்து டெஸ்க்கிலிருந்து துணை ஆசிரியர் கூப்பிட்டார்.

"நீமா ஜோசப்னு போட்டா யாரோ கோட்டயத்து நர்சுன்னு நெனச்சிருவாங்க பாஸ். நம்மாளு மாதிரி இருக்கு. ஆப்பிரிக்கப் பெண்ணுன்னு மாத்திடறேன், அப்பத்தான் வாசகருக்குப் புரியும்."

நம்மாள் மாதிரி இருப்பதுதான் சிக்கல். நம்மாள் என்று வாசகர் நினைத்துவிட்டால் இரக்கம் வந்துவிடும். அதற்கப்புறம் 'ஆப்பிரிக்கப் பெண்' என்று சொல்லி அந்த இரக்கத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பெயரை வெட்டினார். கல்லூரியை வெட்டினார், ஏனென்றால் அட்மிஷன் காலத்தில் முதல் பக்கம் முழுவதும் அவர்கள் விளம்பரம். ரசத்தையும் வெட்டினார், ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்சம் இருந்ததைப் பார்த்து, "இதுல மேட்டரே இல்லியே பாஸ்" என்று கிடப்பில் போட்டார்.

இரண்டாவது முறையாக எழுதினேன். பெயர் இல்லாமல், கல்லூரி பெயரும் இல்லாமல். கடைசியில் டெஸ்க்குக்கு ஒரு வரி சேர்த்தேன்: 'இதையும் நறுக்கினால் நான் எருமை மேய்க்கப் போகிறேன்.' அதையும் கிடப்பில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டம் செத்துக் கிடக்கும். விபத்து கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது, மந்திரி கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு நிருபர்கள் எல்லோரும் பக்கம் நிரப்பச் செய்தி இல்லாமல் செல்போனை முறைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துச் செய்தியைக் குழுவில் போட்டேன். தலையில் இரண்டே வார்த்தை: காமன் காப்பி. எங்கள் ஆட்கள் எவராலும் மறுக்க முடியாத மந்திரம் அது.

போட்ட மறுநொடிதான் ஞாபகம் வந்தது, எருமை.

எருமை வரியை எடுக்காமலே அனுப்பியிருந்தேன். அழிக்கப் போனேன். அவசரத்தில், 'எனக்கு மட்டும் அழி' என்பதை அழுத்திவிட்டேன். என் செல்போனில் மட்டும் மாயமாக மறைந்தது. ஊர் முழுக்க இருந்தது. தங்கராசு உடனே கட்டைவிரல் போட்டார். அடுத்தடுத்துக் கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடு ஒன்று வந்தது. கொல்லைப்புறம் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், அதே துணை ஆசிரியர் அழைப்பு.

"பாஸ், எல்லாரும் போடறாங்களாமே! நாம மட்டும் விட்டுட்டா எடிட்டர் தொங்க விட்டுருவாரு. உடனே அனுப்புங்க!"

"உங்ககிட்டதான் இருக்கு" என்றேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் கடைசி வரியை இடமில்லாமல் வெட்டியிருந்தார்கள். ஒரு பத்திரிகை மட்டும் பொறுப்பாகத் திருத்திப் போட்டிருந்தது: 'இனியும் மாணவர்களின் எதிர்காலத்தை நறுக்கினால் நாங்கள் எருமை மேய்க்கப் போவோம் என அப்பகுதி மக்கள் வேதனை தெரிவித்தனர்.'

பத்து மணிக்குள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். போகும் வழியெல்லாம் ஜாமீனுக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். மைத்துனர் முகம் ஞாபகம் வந்தது, ஜெயிலே மேல் என்று பட்டது.

"என்னய்யா, எல்லாப் பேப்பரும் ஒண்ணு சேந்துட்டீங்களா?" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "எரும மாட்டோட போராட்டம்னு எழுதியிருக்கே, எந்த ஊர்க்காரங்க? ரோட்டை மறிப்பாங்களா?"

யோசித்தேன். "கோபமாத்தான் இருக்காங்க சார்" என்றேன். பொய் கிடையாது. நான் கோபமாகத்தான் இருந்தேன்.

அடிப்படையில்

நீமாவின் நோட்டீசை நிறுத்தி வைத்தார்கள். கல்லூரிக்கு இரண்டே நாளில் ஆள் கிடைத்தது, சான்று ஏறியது. சில வாரம் கழித்து மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கல்லூரி தாமதித்தால் முதலில் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும், மாணவர் பதில் சொல்ல அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது, வீடு கொடுப்பவர்களை மிரட்டக் கூடாது. முதல் வரி எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 'பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளின் அடிப்படையில்.'

நண்பர்கள் கை கொடுத்தார்கள். பத்திரிகையின் வலிமை என்றார்கள். எனக்கு அந்தக் கையை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. ஒருவன்கூட வாசித்து மனம் மாறி அந்தச் செய்தியைப் போடவில்லை. வாசிக்காமல் நாசம் செய்தவர்கள், வாசிக்காமலே சரிசெய்தார்கள். ஒரு பெண்ணின் படிப்பும் ஊரும் எதிர்காலமும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பேறித்தனத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு ஒரு மந்திரி இந்தப் பக்கம் வந்திருந்தால் அவள் விமானத்தில் இருந்திருப்பாள்.

பீட்டர் இருந்தான். அதே பெஞ்சில், அதே படத்தில், நீமாவுக்குப் பக்கத்தில் தலைகுனிந்திருந்த பையன். வீட்டுக்காரர் வெளியே அனுப்பியதும் பயந்து, சுற்றறிக்கை வருவதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டான். சுற்றறிக்கை விமான நிலையம் வரைக்கும் ஓடிப்போய் யாரையும் திருப்பிக் கூட்டிவராது.

மறுபடியும் அதே படி

நீமா மறுபடி எங்கள் படியேறி வந்தாள். இந்த முறை நான் மேசைக்கு மேலே, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்ல வருகிறவர்களுக்கு எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

அவள் இரண்டு பத்திரிகைகளை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். பழையது ஒன்று, புதியது ஒன்று.

"அண்ணா, திட்டறப்பவும் 'ஆப்பிரிக்கப் பெண்'. பாவம்னு சொல்றப்பவும் 'ஆப்பிரிக்கப் பெண்'. என்ற பேரு எங்கீங்க?"

கோட்டயத்து நர்சுக் கதையைச் சொன்னேன். இரண்டு பத்திரிகைகளையும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பேருதானுங்க ஜோசப். அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள்.

தேர்வு எழுதினாள், தேறினாள், ஊருக்குப் போனாள். சொன்னபடி ஒருநாள்கூட அதிகம் இருக்கவில்லை. கிளம்பும்போது செல்லம்மாள் ரசப்பொடி கட்டிக் கொடுத்தார். பொடிக்குள் என்ன இருக்கிறது என்று விமான நிலையத்தில் குடைந்தார்களாம். கும்பலுடன் தொடர்பா?

இந்தத் தொடரில் உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று போன மாதம் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் பேருந்துகளின் ஹாரன், யாரோ இருமலுக்கு மருந்து கேட்கிற சத்தம்.

"எழுதுங்கண்ணா. ஆனா மொத வார்த்த என்ற பேரா இருக்கோணும். நடுவுல வெச்சீங்கன்னா நறுக்கிப்போடுவாங்க."

அதனால்தான் மேலே போய்ப் பாருங்கள், அப்படியே ஆரம்பித்திருக்கிறேன்.

இந்த வார இதழின் ஆசிரியருக்கு ஒரு வரி, இதை அச்சிலும் விடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை: இடம் போதாவிட்டால் கீழிருந்து நறுக்கிக்கொள்ளுங்கள். ரசத்தைக்கூட எடுங்கள். முதல் வார்த்தையில் கை வைத்தால், மல்லசமுத்திரம் சந்தையில் ஒரு எருமையைப் பார்த்து வைத்திருக்கிறேன்.